திருப்பிச் சொன்ன சொல்

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொல்லாமல் எதுவும் நகராது. கட்டடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கிற அறையில் ஒருத்தர் நிற்பார். கீழே இருட்டில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் இன்னொருத்தர் குந்தியிருப்பார். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. பெட்டிமேல் இருப்பவர் "மேலே" என்று குரல் கொடுப்பார். மோட்டார் அறையில் இருப்பவர் "மேலே" என்று திருப்பிச் சொல்வார். அப்புறம்தான் கை பொத்தானுக்குப் போகும். காதில் விழுந்தது, புரிந்தது, இதோ செய்கிறேன், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு சொல்தான். திருப்பிச் சொல்லியாகிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது, பெட்டி நகர்ந்துவிடும்.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் விலக்கு. "நில்லு" என்று காதில் விழுந்தால் முதலில் நிறுத்த வேண்டும், வாயெல்லாம் அப்புறம். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அதனாலேயே அந்தச் சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அது வாயில் வரும்.

இந்தக் கதையில் வருகிற லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் ரத்தத்தில் ஊறிப்போன சங்கதி. தானே சொல்லித் தானே திருப்பிச் சொல்லிக்கொண்ட ஒரு தொழிலாளியை, அவன் எவ்வளவு கெஞ்சியும், அன்றைக்கே வேலைத்தளத்திலிருந்து அனுப்பிவிட்ட மனுஷர். "ரெண்டு பேர் வேலையை ஒரு வாய் செய்யறதா?" என்று கேட்டாராம். வேலைத்தளத்தோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை, வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பால் வாங்கி வா என்றால் பால் வாங்கி வருகிறேன் என்று பதில் வர வேண்டும். "இது வீடா, லிஃப்ட் குழியா?" என்று மனைவி கேலி செய்வார். கேலி செய்துகொண்டே அவரும் பழகிக்கொண்டார்.

வீட்டு வாசல் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். சாவியை உள்ளே விட்டுவிட்டுச் சாத்தினால் போச்சு, பூட்டு உடைக்கிறவரைத் தேடி ஓட வேண்டியதுதான். இரண்டு தடவை அப்படி ஓடிய பிறகு மனைவியே ஒரு விதி போட்டார். வெளியே போகிறவர் வாசலில் நின்று "கதவைச் சாத்தறேன், சாவி இருக்கு" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விதி போட்டவர் நோய் வந்து போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. விதி மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் மகளுக்கு இரண்டு வழி திறந்தது. ஒன்று, அப்பாவின் கம்பெனியிலேயே பயிற்சி. ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று வருஷம் ஓரிடம் ஒதுக்கி வைப்பார்கள். இரண்டு வருஷம் கற்றுக்கொண்டால் போதும், கையோடு வேலை, கையோடு சம்பளம், வீட்டிலிருந்தே போய் வரலாம். இன்னொன்று, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ரயிலில் போனால் வருகிற பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம். முடித்தால் என்ன வேலை என்று கேட்டால் ஒருத்தருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது.

இரண்டிலும் இடம் உறுதியான அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மகள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, நான் பிசிக்ஸ் படிக்கப் போறேன்."

கண்ணெரிச்சல், கத்தி, காய்ந்த எண்ணெய், இத்தனைக்கும் நடுவில் அவர் வாய் தன் வழக்கப்படி தன் வேலையைச் செய்தது.

"பிசிக்ஸ் படிக்கப் போறே" என்றார்.

மகள் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் வெங்காயத்தை எண்ணெயில் போட்டார். ஆசையைச் சொல்கிறாள், உட்கார்ந்து பேச நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவ்வளவுதான் நினைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவருக்கு அதே வேலையாகிவிட்டது. இயற்பியல் படித்தால் என்ன கிடைக்கும் என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டார். முதலில் மாட்டியது கூட வேலை செய்கிற மௌனி. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவன் என்பதால் கம்பெனியில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் அது. அவன் மச்சான் ஒருத்தன் இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டுச் செருப்புக் கடையில் நிற்கிறானாம். வழுக்காத செருப்புக்குக் காரணம் உராய்வு என்று வாடிக்கையாளருக்குப் பாடம் நடத்துகிறானாம், கேட்கிறவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்களாம். இதைச் சொல்லிவிட்டு மௌனி தானே விழுந்து விழுந்து சிரித்தான். லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போனபோது, கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் ஓர் அம்மாள் இயற்பியல் படித்தவர் என்று கேள்விப்பட்டு, எண்ணெய்க் கையோடு அவர் அறை வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் பொறுமையாகவே பேசினார். சம்பளம் நல்ல சம்பளம்தான். ஆனால் பட்டத்துக்கு மேல் இன்னொரு பட்டம், அதற்கு மேல் பயிற்சி, பரீட்சை என்று ஏறி வந்து இந்த நாற்காலியில் உட்காரும்போது தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது என்றார். முதல் பட்டத்தோடு நின்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தொடர்ந்து படிக்கத் தெம்பிருந்தால் அனுப்புங்கள் என்றார். தெம்பு யாருக்கு, படிக்கிறவளுக்கா, படிக்க வைக்கிறவருக்கா என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. அவருடைய சேமிப்பு முதல் பட்டத்தைத் தாங்கும். அதற்கு மேல் போனால் முதுகுதான் தாங்க வேண்டும், அந்த முதுகு இப்போதே குனிந்தால் நிமிர யோசிக்கிறது.

மூன்றாவது ஆள் தானாக வந்து மாட்டினார். மாட்டினார் என்றால் நிஜமாகவே மாட்டினார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரே ஒரு மனிதர். மௌனி மேலே ஏறிப்போய் மோட்டாரைப் பார்க்க, லிஃப்ட்காரர் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டார். உள்ளே சிக்கியவரைப் பேச்சிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயந்து கதவை உடைக்கப் பார்ப்பார்கள், இது தொழில் பாடம். வழக்கமாக மழை வெயிலைப் பற்றிக் கேட்பார். அன்றைக்கு வாயில் வந்தது வேறு.

"சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

உள்ளேயிருந்து "பிசிக்ஸ்" என்றது குரல். "எதுக்குக் கேட்கறீங்க?"

லிஃப்ட்காரர் கதவோடு கதவாக ஒட்டி உட்கார்ந்தார். "என் பொண்ணுக்குக் கேட்கறேன் சார். அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

"நான் இன்ஷூரன்ஸ்ல இருக்கேன். எந்த வயசுல யாருக்கு என்ன ஆகும்னு கணக்குப் போடற வேலை. படிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா அதைப் படிச்சவன்னு தெரிஞ்சுதான் எடுத்தாங்க."

"அப்போ லாபமா, நஷ்டமா?"

"என்கூடப் படிச்சவங்கள்ல ஒருத்தன் ஆராய்ச்சி பண்றான், அடுத்த வருஷம் வேலை இருக்குமான்னு அவனுக்கே தெரியாது. ஒருத்தி பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில கை நிறைய வாங்கறா. ஒருத்தன் டாக்ஸி ஓட்டறான். நீங்க எதை எடுத்துக் கணக்குப் போடுவீங்க?"

"திரும்பப் படிக்கச் சொன்னா என்ன படிப்பீங்க?"

"அதையேதான் படிப்பேன்."

"ஏன் சார்?"

"முதல்ல கதவைத் திறங்க, சொல்றேன்."

மேலேயிருந்து மௌனியின் குரல் வந்தது, பெட்டி கீழ் மாடிக்கு இறங்கலாம் என்று. லிஃப்ட்காரர் உடனே திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் இன்னொரு கேள்வி கேட்டார்.

"படிக்கறதுக்கு வீட்டைவிட்டுப் போனீங்களா சார்? படிச்சு முடிச்சதும் அம்மா அப்பாகிட்டத் திரும்பிட்டீங்களா?"

"இல்லைங்க" என்றது குரல். "இந்த மாதிரி வேலை எங்க ஊர்ல ஏது? அவங்க அங்கேயேதான் இருந்தாங்க. இப்போ அப்பா மட்டும் இருக்கார்."

லிஃப்ட்காரர் திருப்பிச் சொன்னார், பெட்டி இறங்கியது, கதவு திறந்தது. சட்டை நனைந்த ஒரு நடுத்தர வயது மனிதர் வெளியே வந்து கைகுலுக்கிவிட்டு, ஏன் என்று சொல்கிறேன் என்றவர் சொல்லாமலே படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு லிஃப்ட்காரர் யாரையும் கேட்கவில்லை. வேலை, சம்பளம் என்று இத்தனை நாள் கேட்டதெல்லாம் சும்மா. கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, பதிலும் வந்துவிட்டது.

அன்றைக்குத் தீர்மானம் பண்ணிக்கொண்டார். மகளை உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். செருப்புக் கடை, நரைத்த தலை, டாக்ஸி என்று எல்லாவற்றையும் மனசில் வரிசையாக அடுக்கிக்கொண்டு கருவிப் பையை வைக்கக் கம்பெனிக்குப் போனார். அங்கே மேற்பார்வையாளர் அவரைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். உங்கள் மகள் இடம் வேண்டாம் என்று அப்போதே வந்து சொல்லிவிட்டாளே, பிரேக் பிரிவுக்காரர் பையனுக்குக் கொடுத்தாகிவிட்டது, நல்ல இடம் போச்சே என்றார். லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையை எங்கே வைத்தார் என்றே நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் இரண்டு தட்டில் சோறும் முட்டைப் பொரியலும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டு வேண்டாம்னு சொன்னே?"

மகள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "உங்களைக் கேட்டுத்தான்."

"நான் எப்போ சரின்னு சொன்னேன்?"

"சொன்னேன், நீங்க திருப்பிச் சொன்னீங்க."

"வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன்."

"அப்பா, திருப்பிச் சொல்லிட்டா பெட்டி நகர்ந்துடும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? அன்னிக்கு நான் அழுதுட்டேன், தெரியுமா? நீங்க சண்டை போடுவீங்கன்னு பயந்துட்டு வந்தேன். ஒரு வார்த்தை கேட்காம திருப்பிச் சொன்னீங்களேன்னு உள்ள போய் அழுதேன். மறுநாளே போய் இடத்தை விட்டுக்கொடுத்தேன். வேற யாருக்காவது ஆகட்டும்னு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தப்பு உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. வேறு வீட்டில் அப்பா "பார்க்கலாம்" என்றிருப்பார், இல்லை கத்தியை வைத்துவிட்டுக் கத்தியிருப்பார். இவர் வாய் மட்டும்தான் அதைச் சொன்னது என்று எந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்வது?

இருந்தாலும் அடுக்கிவைத்ததை எடுத்தார். மச்சானின் செருப்புக் கடையைச் சொன்னார், ஆஸ்பத்திரி அம்மாளைச் சொன்னார், டாக்ஸிக்காரனைச் சொன்னார். மகள் நடுவில் பேசாமல் கேட்டாள்.

"வேலை கிடைக்குமான்னு எனக்கும் தெரியாதுப்பா" என்றாள் கடைசியில். "கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். கிடைக்கலைன்னா திரும்பி வந்து ஸ்பேனர் பிடிக்கறேன். எனக்குப் பிடிக்கத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?"

"சின்ன வயசுல உங்ககூட லிஃப்ட்ல வருவேனே, கீழே இறங்க ஆரம்பிக்கும்போது உடம்பு லேசாகும். ஏன்னு கேட்டேன். அது அப்படித்தான்னு சொன்னீங்க. உங்களுக்கு அது போதும், நீங்க ஓட்டணும். எனக்குப் போதலை. ஸ்கூல்ல ஒரு வரியில சொன்னாங்க, அதுவும் போதலை."

மகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க கேட்டுட்டு வந்தது வேலையைப் பத்தி மட்டும்தானா?"

"வேற என்ன கேட்பாங்க?"

"சரி. ஒண்ணு சொல்றேன். நில்லுன்னு சொல்லுங்க, நின்னுடறேன். ஏன்னு கேட்க மாட்டேன். இங்கேயே ஏதாவது வேலைக்குப் போறேன். அடுத்த வருஷம் கம்பெனியில மறுபடி கேட்டுப் பார்க்கலாம். சத்தியமா சொல்றேன்."

அவள் விளையாடவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லை வைத்து விளையாடுகிற பெண்ணாக அவர் அவளை வளர்க்கவில்லை. சொன்னால் நிற்பாள். நாளைக் காலையில் இந்தச் சமையலறையில் இவள் இருப்பாள், நாளை மறுநாளும் இருப்பாள். சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அவர் வாயைத் திறந்துவிட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் முப்பது வருஷமாகப் பார்த்த வேலை குறுக்கே வந்து கேள்வி கேட்டது. ஆபத்து யாருக்கு? பெட்டியில் ஏறுகிறவளுக்கு ஆபத்து இல்லை. மேலே நிற்கிறவருக்குத் தனியாக நிற்கப் பயம், அவ்வளவுதான். தனியாக நிற்கப் பயந்து எவனாவது "நில்லு" என்று கத்தியிருந்தால் அவனை அன்றைக்கே அனுப்பியிருப்பார்.

"முட்டை ஆறுது, சாப்பிடு" என்றார்.

"சாப்பிடறேன்" என்றாள் மகள்.

அதற்கப்புறம் கிளம்புகிற நாள் வரைக்கும் வீட்டில் பேச்சு ஒன்றும் குறையவில்லை. பெட்டி வாங்கினார்கள், போர்வை வாங்கினார்கள். ஒரு நாள் அவள் புத்தகத்தில் ஒரு கணக்கைப் படித்துக் காட்டினாள். ஒரு மனிதர் லிஃப்டில் எடை பார்க்கும் கருவிமேல் நிற்கிறார், கயிறு அறுந்துவிடுகிறது, கருவி எவ்வளவு காட்டும்? ஒன்றும் காட்டாது, சுழி என்பது விடை. லிஃப்ட்காரருக்கு வந்ததே கோபம்.

"கயிறு எப்படி அறும்? ஒரு கயிறா இருக்கு? எல்லாம் சேர்ந்தா அறும்? அறுந்தாலும் பிரேக் பிடிக்குமே. அந்த லிஃப்டுக்கு யார் பொறுப்பு, முதல்ல அதைச் சொல்லு."

மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் சிரித்தார். அன்று படுத்த பிறகு அந்தக் கணக்கு அவர் மண்டையைவிட்டுப் போகவில்லை. உள்ளே நிற்கிற ஆளைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் எழுதவில்லையே என்று இருந்தது.

ரயில் நிலையத்தில் கூட்டம். பெட்டியைத் தூக்கி வைத்து, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். வண்டி கிளம்பப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். இப்போதும் ஒரு சொல் போதும் என்று அந்தப் பார்வை சொன்னதோ, அவருக்குத்தான் அப்படித் தோன்றியதோ.

"போயிட்டு வரேன்பா."

"போயிட்டு வா" என்று அவர் திருப்பிச் சொன்னார். வண்டி நகர்ந்தது.

மறுநாள் காலையில் தேநீர் போட்டுக் குடித்து, ஒரு ரொட்டியைத் தின்று, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். பையை எடுத்துக்கொண்டார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"கதவைச் சாத்தறேன், சாவி இருக்கு" என்றார்.

பழக்கம், வேறென்ன. சொன்ன பிறகுதான் சொன்னதே உறைத்தது. உள்ளே ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. குழாய் சொட்டியது. கை கைப்பிடியில் இருந்தது, ஆனால் இழுக்க வரவில்லை. பதில் வராமல் எதையும் நகர்த்தியறியாத கை அது. இழுடா என்று மனசு சொல்கிறது, கை கேட்கவில்லை. தானே திருப்பிச் சொல்லிக்கொள்ளலாம்தான். அன்றைக்கு அனுப்பிவிட்ட அந்தத் தொழிலாளியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவன் வீட்டிலும் யாரும் இல்லையோ என்னவோ, அன்று கேட்கத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் படியிறங்கிப் போனார்கள். மாடி வீட்டு அம்மாள் இறங்கும்போது என்ன ஆச்சு, சாவியைத் தொலைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். இல்லை, இருக்கிறது என்றார். அந்த அம்மாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

வேலைத்தளத்தில் மௌனி அரைமணி நேரமாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருநாளும் தாமதமாக வராத மனுஷருக்கு என்ன வந்தது என்று கேட்டான்.

"கதவைச் சாத்திட்டு வந்தேன்."

"ஒரு கதவைச் சாத்த இவ்வளவு நேரமா?"

"இவ்வளவு நேரம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, லிஃப்ட்காரர் பெட்டியின் தலைமேல் ஏறி இருட்டில் குந்திக்கொண்டார். மௌனி மோட்டார் அறைக்குப் போய்ச் சேரும் வரை காத்திருந்தார். அப்புறம் அண்ணாந்து குரல் கொடுத்தார்.

"மேலே."

"மேலே" என்று மேலேயிருந்து வந்தது. அத்தனை தெளிவாக வந்தது. கேட்டுவிட்டது, புரிந்துவிட்டது, பெட்டி அசையத் தொடங்கிவிட்டது. இருந்தும் அவர், தொழிலில் இதுவரை செய்யாத ஒரு காரியமாக, இன்னொரு தடவை "மேலே" என்றார்.

"மேலேன்னுதானே சொன்னேன், காது அடைச்சிருச்சா?" என்று மௌனி உச்சியிலிருந்து கத்தினான். லிஃப்ட்காரர் அந்தக் குரல் அடிக்குழி வரைக்கும் இறங்கி ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.